சம்பளப் பட்டியலைக் காட்டிவிட்டு நர்சுகளைத் திட்டுங்கள்

நர்சுகளைப் பற்றி நம் ஊர்களில் ஒரு தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. கல்லூரி விழாவுக்குத் தலைமை தாங்குகிறவரும், தொலைக்காட்சி விவாதத்தில் உட்காரும் மருத்துவமனை நிர்வாகியும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் அதையே சொல்கிறார்கள். நாடு படிக்க வைத்தது. இங்கே நோயாளியைப் பார்க்க ஆளில்லை. இந்தப் பெண்களோ படிப்பு முடிந்த கையோடு லண்டனுக்கும் துபாய்க்கும் விமானம் ஏறுகிறார்கள். சேவை மனப்பான்மை செத்துப்போய்விட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு பாண்டு எழுதி வாங்கினால்தான் சரிப்படும்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, வேலந்தாவளம் பக்கமும், இடுக்கியின் மூணாறு, மறையூர், பூப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கமும் இந்தப் பேச்சுக்குக் காரம் அதிகம். கேரளத்துக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் இவை. இங்கிருந்து பெண்கள் எல்லை தாண்டிக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் தேனிக்கும் போய் நர்சிங் படிக்கிறார்கள். பட்டம் கைக்கு வந்ததும் கவுன்சில் பதிவு, ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, டேட்டாஃப்ளோ சான்று சரிபார்ப்பு, புரோமெட்ரிக் உரிமத் தேர்வு என்று அவர்கள் பேச்சு மாறுகிறது. அதைக் கேட்டவுடன் சுற்றியிருப்பவர்களுக்குத் தேசபக்தி வந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு அடியிலிருந்தே பிழை என்பது என் கட்சி. வெளிநாட்டு ஆசையால் நம் மருத்துவமனைகள் நலிகின்றன என்பது தலைகீழான கணக்கு. நம் தனியார் மருத்துவமனைகள் பல அந்த ஆசையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

'நாடு படிக்க வைத்தது' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் நர்சிங் இடங்களில் பெரும்பங்கு தனியார் கல்லூரிகளில் இருக்கிறது. மலை மாவட்டத்தில் மருத்துவக் கல்விக்கு அரசு என்ன செய்தது என்பதற்கு இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியே சாட்சி. 2014இல் தொடங்கியது, 2016இல் அங்கீகாரம் போனது, 2022இல்தான் மறுபடி மாணவர்களைச் சேர்த்தது. தேயிலை எஸ்டேட் வீட்டுப் பெண் அரசு கைகொடுக்கும்வரை காத்திருக்க முடியுமா? போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையிறங்கி, சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். வங்கி பிணை கேட்காமல் தரும் கல்விக் கடனுக்கு ஒரு வரம்பு உண்டு. கட்டணம், விடுதி, சாப்பாடு, சீருடை எல்லாம் அதைத் தாண்டும்போது அம்மாவின் கம்மலும் தெரிந்தவரிடம் வாங்கிய வட்டிப் பணமும் சேர்கின்றன.

அந்த வீட்டின் வருமானம் எவ்வளவு? 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தபோதுதான், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரோடு சேர்த்து, அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய் என்பதும் வெளியுலகுக்குத் தெரிந்தது. அத்தனை போராட்டத்துக்குப் பிறகு அது 301 ரூபாய் ஆனது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் 7,525 ரூபாய். பிறகு கூலி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது; விலைவாசியும் சும்மா இருக்கவில்லை. இந்தக் கூலியிலிருந்து லட்சங்களில் கடன் வாங்கிப் படித்தவளிடம் நாடு போட்ட முதலீடு எது என்று யாராவது காட்டட்டும். கடனைக் கொடுத்தது வங்கி. கட்டப்போகிறவள் அவள். நடுவில் நாடு எங்கே வந்தது?

'பணத்தாசை' என்ற சொல்லையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளிக்கு, லயம் என்ற வரிசை வீடு சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை அங்கே இருக்கலாம். ஓய்வு பெற்று, வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் பேரேட்டில் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். நாலு தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கும் அதே விதி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரை வாரிக்கொண்டு போனதும் அப்படிப்பட்ட லயங்களில்தான். ஐந்து சென்ட் நிலமும் அதில் ஒரு கான்கிரீட் வீடும் வாங்க அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழி மகளின் வெளிநாட்டுச் சம்பளம். அதைப் பேராசை என்று சொல்கிறவருக்குப் பெரும்பாலும் சொந்த வீடு இருக்கும்.

ஐ.ஐ.டி.யில் உண்மையாகவே மக்கள் வரிப்பணத்தில் படித்தவன் கலிஃபோர்னியாவுக்குப் போனால் ஊர் வாழ்த்துப் பதாகை கட்டுகிறது. கடன் வாங்கிப் படித்தவள் பர்மிங்ஹாமுக்குப் போனால் தியாகம் பற்றிப் பாடம் எடுக்கிறது. பெண்கள் செய்யும் வேலைக்குச் சம்பளத்துக்குப் பதில் புகழ்மொழி கொடுத்துப் பழகிவிட்டோம். அவள் புகழ்மொழியை வேண்டாம் என்றதும் நமக்குக் கோபம் வருகிறது.

அடுத்த வாதம் இன்னும் கனமானது: இவர்கள் போவதால்தான் இங்கே வார்டுகள் காலி. இங்கேதான் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

வளைகுடா நாடுகளின் வேலைகள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். சான்றிதழ்களையும் அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ மூலமாக மூல நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். வேலையில் நீண்ட இடைவெளி விழுந்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே புதிதாகப் படித்து முடித்தவளுக்கு உடனடித் தேவை எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட். அதைக் கொடுக்கக்கூடியவர் உள்ளூர் மருத்துவமனைக்காரர் மட்டுமே. அவருக்கும் அது தெரியும். 'ட்ரெய்னி' என்று பெயர் வைத்து, ஐ.சி.யூ.வில் முழு நர்ஸ் வேலை வாங்கி, சிறு நகரங்களில் பத்துப் பதினைந்தாயிரம் கொடுத்தால் போதும். அவள் சண்டை போட மாட்டாள். சண்டை போட்டால் சர்டிபிகேட் வராது. பாதியில் நின்றால் இடைவெளி விழும். அடுத்த ஊரிலும் இதே சம்பளம்தான். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நைட் டியூட்டி பார்க்கிறாள். அவள் போனதும் அடுத்த அணி கல்லூரியிலிருந்து வந்து நிற்கிறது.

வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் இந்தச் சம்பளத்துக்கு இந்த மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்குமா? தேய்ந்துபோய்ப் புலம்புகிறவர்களாக வெளியே தெரிகிறவர்கள், உண்மையில் மலிவாக ஆள் பெறுகிறவர்கள். அவர்களுடைய குறை நர்ஸ் போவது பற்றி அல்ல. அவள் இரண்டே வருடத்தில் போய்விடுகிறாளே, நான்கு வருடம் இருக்கக் கூடாதா என்பதுதான். பாண்டு கேட்பதன் பொருளும் அதுவே.

இதை நர்சுகளே பல வருடம் முன்பு உடைத்துச் சொல்லிவிட்டார்கள். 2011 அக்டோபரில் மும்பையில் வேலை பார்த்த கேரள நர்ஸ் ஒருவர் தற்கொலை செய்துகொண்டபின், சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாண்டு முறைக்கு எதிரான கோபம் வெடித்தது. அந்த ஆண்டே யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் உருவானது. மூணாற்றுக்கு ஏறும் சாலையின் அடிவாரமான கோதமங்கலத்தில் நடந்த வேலைநிறுத்தம் நூறு நாளைத் தாண்டியது. 2012 ஆகஸ்டில் மூன்று நர்சுகள் மருத்துவமனைக் கட்டடத்தின் உச்சியில் ஏறிக் குதிக்கப்போவதாக நின்றார்கள். அவர்கள் விசா கேட்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நியாயம் காகிதத்தில் வந்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்சுக்கு நிகரான ஊதியம், 50 படுக்கைக்குக் கீழ் இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. 'மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று கோப்பு நகர்ந்தது. கேரளத்தில் 2017இல் மறுபடி போராட்டம் நடந்து, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படையில் அரசாணை வந்தது. எத்தனை நிர்வாகங்கள் அதை மனமாரக் கொடுத்தன என்பதை நர்சுகளின் அடுத்தடுத்த போராட்டங்களே சொல்லும். மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில், அந்த அளவுக்குக்கூடப் பேச்சு எழவில்லை.

'தனியாரை விடுங்கள், அரசு வேலைக்கு வரலாமே' என்பார்கள். வந்தார்களே! 2015இல் தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பேச்சை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த ஒப்பந்த நர்சுகள் 2,472 பேரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு தமிழ்நாடு அரசு வீட்டுக்கு அனுப்பியது. கைதட்டியதும் நாம்தான், கணக்கு முடித்ததும் நாம்தான். ஆயிரம் பேருக்கு 1.7 நர்ஸ் மட்டுமே இருக்கிறார்கள், உலக நலவாழ்வு நிறுவனம் சொல்வது 3 என்று மேடையில் புள்ளிவிவரம் படித்துவந்த நாடு, கையில் இருந்த நர்சுகளை ஏன் அனுப்பியது? பற்றாக்குறை நர்சுகளுக்கு இல்லை. நர்சுகளுக்குச் சம்பளம் எழுத மனமுள்ள அரசுக்கும் முதலாளிக்கும்தான்.

சரி, தடுத்து நிறுத்தினால் என்ன ஆகும்? ஊகிக்க வேண்டியதில்லை, நம்மைவிட அதிகமாக நர்சுகளை அனுப்பும் பிலிப்பைன்ஸ் செய்து பார்த்துவிட்டது. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி நர்சுகள் வெளியேறத் தடை போட்டது. நவம்பரில் தடையை எடுத்து, ஆண்டுக்கு 5,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அதை உயர்த்தியது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டுத் தொழிலாளர் துறை, பிரிட்டனும் ஜெர்மனியும் தடுப்பூசி தந்தால் கூடுதல் நர்சுகளை அனுப்பலாம் என்று பேசிப் பார்த்தது. தேச சேவைக்காக என்று பூட்டிவைத்தவர்களைப் பண்டமாற்றுச் சரக்காக்க ஒரு வருடம்கூட ஆகவில்லை. தடையால் மருத்துவமனைகள் நிரம்பினவா? 2023இல் அந்நாட்டு சுகாதாரச் செயலர் தியோடோரோ எர்போசா, அரசு மருத்துவமனைகளின் காலியிடங்களை நிரப்ப, உரிமத் தேர்வில் சில மதிப்பெண்ணில் தவறியவர்களை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசனை சொன்னார். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் நர்சுகளுக்கு உறுதி சொன்ன ஆரம்பச் சம்பள நிலையை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவர 2020 வரை ஆனது. பதினெட்டு ஆண்டு சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு விமான நிலையத்தில் கேட் போட்டால் வார்டு நிரம்பாது.

இன்னொரு குரல் பரிவோடு வரும். வெளியே ஆபத்து, ஏஜென்ட் ஏமாற்றுவான், பெண் பிள்ளை எங்கேயாவது மாட்டிக்கொள்வாள். 2014இல் இராக்கின் திக்ரித்தில் 46 நர்சுகள் சிக்கி மீண்டதைச் சொல்வார்கள். கொல்லங்கோட்டைச் சேர்ந்த நர்ஸ் ஒருவர் யேமன் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருப்பதையும், 2025 ஜூலையில் குறித்த நாள் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டதையும் சொல்வார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் ஆபத்து எந்தக் கதவால் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். குவைத் அரசு வேலைக்கு, சட்டம் அனுமதித்த சுமார் 19,500 ரூபாய்க்குப் பதில் 19.5 லட்சம் ரூபாய் வரை ஒரு நிறுவனம் கறந்தது என்று 2015இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டபோது, குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் பெயரும் அதில் சேர்ந்திருந்தது. காவல்காரனே வழக்கில் இருந்தான். அதே ஆண்டு, குடியேற்றச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் மூலமே அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. கேரளத்துக்கு நோர்கா ரூட்ஸ், ஒடெபெக். தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நல்ல விதி. 2021 டிசம்பரில் நோர்கா ஜெர்மனியோடு போட்ட 'டிரிபிள் வின்' ஒப்பந்தத்தில் மொழிப் பயிற்சிகூடப் பெண்ணின் கைக்காசு இல்லாமல் கிடைக்கிறது. வழி நேராக இருந்தால் பெண்கள் அதில்தான் போகிறார்கள். நேர்வழி குறுகலாக, மெதுவாக இருப்பதால்தான் ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு வருகிறான். ஆபத்தைக் காட்டிப் பயணத்தை நிறுத்தச் சொல்கிறவர்கள் ஏஜென்டின் விலையை ஏற்றுகிறார்கள்.

எதிர்த் தரப்பின் மிகச் சிறந்த வாதத்தையும் தவிர்க்கப் போவதில்லை. பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் வரிசையாக இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அப்படிப்பட்ட இடத்துக்கும் இடுக்கியின் உள்மலைக்கும் வேண்டியது புதுப் பட்டதாரி அல்ல, பத்து வருடம் பிரசவ அறையில் நின்ற கை. அந்தக் கைகளும் போய்விடுகின்றன. ஏழை நாடுகளின் இந்தக் கவலையை மதித்து உலக நலவாழ்வு நிறுவனம் 2010இல் பன்னாட்டு ஆள்சேர்ப்பு நெறிமுறையை ஏற்றது. 2023இல் அது வெளியிட்ட, ஆள் எடுப்பதில் கவனம் தேவைப்படும் 55 நாடுகளின் பட்டியலில் பாகிஸ்தானும் வங்கதேசமும் உண்டு, இந்தியா இல்லை. ஆனாலும் பட்டியலில் இல்லை என்பதால் அட்டப்பாடியின் இழப்பு இழப்பில்லை என்று ஆகிவிடாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அனுபவக் கையை இங்கே என்ன விலைக்கு வைத்திருந்தோம்? தனியாரில் பத்து வருட அனுபவத்துக்கும் இரண்டு வருட அனுபவத்துக்கும் சம்பளத்தில் சில ஆயிரம் வித்தியாசம் இருந்தால் பெரிது. மலைப் பணிக்குத் தனிப் படியும், குடியிருக்க ஒழுகாத குவார்ட்டர்சும், பிள்ளை படிக்கப் பள்ளியும், குறித்த காலத்தில் இடமாற்றமும் உறுதியாக இருந்தால் அட்டப்பாடிக்கு ஆள் வரும். பிரிட்டனில் புதிதாகச் சேரும் நர்சுக்கே ஆண்டுக்கு 30,000 பவுண்டு அளவில் கிடைக்கிறது. அதோடு நம்மால் போட்டி போட முடியாதுதான். போட்டியில் ஜெயிக்கச் சொல்லவில்லை. களத்தில் இறங்கச் சொல்கிறோம். போகிறவர்களில் எல்லோரும் போக விரும்பிப் போகிறவர்கள் இல்லை. ஊரிலேயே மானமாக வாழ முடிந்தால் நின்றுவிடக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. அவர்களை நிறுத்துவது அறிவுரையால் நடக்காது.

எல்லையோரப் பெண்ணுக்கு இதில் இன்னொரு சிக்கல். தேனியில் படித்தவள் சென்னையில் தமிழ்நாடு கவுன்சிலில் பதிகிறாள். தன் வீடு இருக்கும் மூணாற்றிலேயே வேலை பார்க்க வேண்டுமானால் சென்னையிலிருந்து தடையின்மைச் சான்று வாங்கித் திருவனந்தபுரத்தில் கேரள கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும். வெளிநாட்டுப் பதிவுக்குப் படித்த மாநிலத்தின் கவுன்சில் நேரடியாகச் சரிபார்ப்பு அனுப்ப வேண்டும். கல்விச் சான்றுகளுக்குக் கொடுத்த மாநிலத்தில் சான்றொப்பம், குடும்ப ஆவணங்களுக்கு வேறு மாநிலத்தில். தேயிலைக் காட்டிலிருந்து இரண்டு தலைநகரங்களுக்கும் ராத்திரி பஸ். ஒவ்வொரு மாதத் தாமதமும் அவளுக்கு என்ன செய்கிறது என்று மேலே பார்த்தோம்: அந்த மாதமும் அதே ட்ரெய்னி சம்பளத்தில், வாயைத் திறக்காமல். ஆங்கிலத் தேர்வு முடிவுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். காகிதம் தாமதமானால் தேர்வும் காலாவதி, கட்டணம் மறுபடி. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங், மகப்பேற்றுப் பணி ஆணையச் சட்டம் ஒரே தேசியப் பதிவேடு பற்றிப் பேசுகிறது. அது நடைமுறையில் கைக்கு எட்டும்வரை, இரு மாநிலக் கவுன்சில்களும் ஒன்றின் பதிவை மற்றொன்று உடனே ஏற்றுக்கொள்வதற்கும், சரிபார்ப்புக் கடிதத்துக்குக் கெடு வைப்பதற்கும், கோவையிலும் தேனியிலும் மாதம் ஒருமுறை முகாம் நடத்துவதற்கும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு அலுவலகங்கள் மனம் வைத்தால் போதும்.

இப்படிச் செய்தால் இன்னும் வேகமாகப் போய்விடுவார்களே என்று பதறுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு கணக்கு. நர்ஸ் இங்கே வாய் மூடி வேலை பார்ப்பது, வெளியே போகும் காகிதம் உள்ளூர் முதலாளியின் மேசையில் சிக்கியிருப்பதால். பதிவும் சரிபார்ப்பும் அவர் தயவில்லாமல் நடந்தால், சான்றிதழைப் பிடித்து வைப்பது தண்டனைக்குரிய குற்றமானால், ட்ரெய்னி என்ற பெயரில் நர்ஸ் வேலை வாங்குவது நின்றால், அவருக்கு நர்சை நிறுத்திவைக்கச் சம்பளத்தைத் தவிர வேறு பிடி இருக்காது. அன்று போகிறவளுக்கு மட்டும் லாபம் இல்லை. போக விரும்பாமல் வண்டிப்பெரியாற்றிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ இருந்துவிட நினைக்கிறவளுக்கும் பேரம் பேசும் பலம் அன்றுதான் வரும்.